சின்ராசுவின் காயும் நீ அனுப்பிய காயும்

போடிநாயக்கனூர்
ஐப்பசி 23, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி சிவக்குமார் மூன்று பேரும் இந்த அடைமழையிலும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பரமசிவன் மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது இவள் எதற்குத் தாளைத் தூக்கினாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ “சரிம்மா, விடும்மா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். இது விடக்கூடியது இல்லை. உன் அம்மா ஒரு தப்புச் செய்துவிட்டாள் ஆத்தா. ஒரு குடும்பத்தின் வருசத்துப் பாட்டை நாலே வார்த்தையில் கெடுத்தேன். வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

முதலில் வீட்டுச் சேதி. நீ எடுக்கச் சொன்ன தீபாவளிச் சேலை நன்றாக இருக்கிறது, முந்தானைதான் கொஞ்சம் நீளம் பத்தவில்லை. சிவக்குமார் தேனியில் செல்போன் கடையில் சேர்ந்துவிட்டான், காலையில் எழுப்பத்தான் ஒரு படை வேண்டும். போடிமெட்டு ரோட்டில் பாறை உருண்டு இரண்டு நாள் ஜீப்பு எதுவும் போகவில்லை. அப்பா அந்த இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து டி.வி. செய்தியோடு சண்டை போட்டார். அமெரிக்கா நம்முடைய சரக்குக்கெல்லாம் வரியை ஏற்றிவிட்டதாம், நாமும் பதிலுக்கு ஏற்ற வேண்டும் என்று ஒருத்தர் கத்துகிறார், ஏற்றினால் நமக்குத்தான் நட்டம் என்று இன்னொருத்தர் கத்துகிறார். அப்பா எழுந்து நின்று, “நான் தெனமும் பதினாலு பேர ஜீப்புல ஏத்தி மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவுல எறக்குறேன், சாயங்காலம் திரும்பக் கொண்டாறேன். எனக்கும் ஏத்துமதி எறக்குமதி ரெண்டும் இருக்கு, எவனும் வரி கேக்கலியே” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனைதான் வந்தது. நாம் சாப்பிடுவது இந்தப் பக்கம், ஏலக்காய் விளைவது அந்தப் பக்கம், அது ஏலம் போவது மறுபடி இந்தப் பக்கம், காப்பியில் போட்டுக் குடிக்கிறவன் அரபு நாட்டில். இதில் எந்த இடத்தில் கோடு போட்டு இதுவரைக்கும் நம்முடையது என்று சொல்வது? நீ படித்தவள், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

ஊரில் இப்போது யார் வாயைத் திறந்தாலும் வரிப் பேச்சுதான். டீக்கடையில், பஸ்ஸில், நாங்கள் காய் பொறுக்கும் கடையில், எங்கே போனாலும் அதே. விலை இறங்கினால் போதும், “குவாத்தமாலாக்காரன் கெடுத்துட்டான்” என்பார்கள். அந்த ஊர்க் காய் சுற்று வழியாக இங்கே வருகிறதாம், நம் காயோடு கலக்கிறார்களாம், அதற்கு ஒரேயடியாக வரி போட்டு வாசலை அடைக்க வேண்டுமாம். நான் தலையைக் குனிந்துகொண்டு சுளகில் காயைப் புடைத்துக்கொண்டிருப்பேன். நீ அந்தக் குவாத்தமாலாவில்தான் காய்க்குத் தரம் பார்க்கிறாய் என்பது நம் வீட்டு நாலு சுவருக்குள்தானே இருந்தது. யார் கேட்டாலும் “அமெரிக்காப் பக்கம்” என்று சொல்லிவிடுவேன். அது முழுப் பொய்யும் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். உனக்குக் கடிதம் போடக்கூடத் தேனிக்குப் பஸ் ஏறிப் போவேன். இங்கே தபாலாபீசில் உட்கார்ந்திருப்பவள் நம் தெருக்காரி, கவரில் ஊர்ப் பெயரைப் படித்துவிடுவாள் என்ற பயம். பெற்ற பிள்ளை இருக்கிற ஊரைச் சொல்லப் பயந்தேன் பார், அதுதான் முதல் தப்பு.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஏல விவசாயிகள் எல்லாம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் சோலைமலை, உனக்குத் தெரியும், மைக் இல்லாமலே மண்டபம் அதிரப் பேசுகிறவர். வெளிநாட்டுக் காயைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு அந்த வாரம் ஏலத்துக்கு வந்த சரக்கில் ஆறு தட்டில் மாதிரிக் காய் எடுத்து வைத்து, கலப்படம் எது என்று எல்லோர் முன்னாலும் கண்டுபிடிக்கப் போகிறோம் என்றார் சோலைமலை. யார் கண்டுபிடிப்பது? “அமுதவள்ளி அக்காவக் கூப்புடுங்கப்பா, இருபத்தாறு வருசமா காய் பொறுக்குற கை” என்று யாரோ சொன்னார்கள். நான் மேடை ஏறினேன் ஆத்தா. பெருமையாகத்தான் ஏறினேன், மறைக்கவில்லை. ஐந்தாறு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

எங்கள் சோலியில் ஒரு சட்டம் உண்டு. காய் பொறுக்குகிறவள் காயை உரிக்கக் கூடாது. வெடித்த காய் தரம் இறங்கிய காய், நகம் பட்டாலே முதலாளி முகம் மாறிவிடும். உரித்து விதையைப் பார்ப்பது வாங்குகிற வியாபாரியின் உரிமை, எங்களுக்குத் தோல்தான். நிறம், பருமன், தோலில் ஓடுகிற வரி, கையில் உருட்டினால் கேட்கிற சத்தம், இத்தனையையும் வைத்துத்தான் இருபத்தாறு வருசமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் அப்படியே பார்த்தேன். மூன்றாவது தட்டில் இருந்த காய் வெளுத்து, வைக்கோல் சாடை அடித்தது. போன வருசம் நீ ஒரு பொட்டலம் அனுப்பினாயே, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேனே, அச்சு அசல் அந்த நிறம். “இது நம்ம காய் இல்ல” என்று சொல்லிவிட்டேன். மண்டபமே கை தட்டியது. தட்டின் நம்பரைப் பார்த்துப் பெயர் படித்தார்கள். சின்ராசு.

சிலமலைச் சின்ராசு. நம் மாயக்காளின் வீட்டுக்காரன். பதினோரு வருசமாக என் வலது பக்கம் சுளகு போட்டு உட்கார்ந்து, என் டப்பாவில் ஊறுகாய் எடுத்துத் தின்கிற மாயக்காள். மெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர்தான், அதில் வந்த ஆறு மூட்டை அது, இந்த வருச விளைச்சலில் பாதிக்கும் மேல். சின்ராசு எழுந்து, “அக்கா, அது என் காயிக்கா. என் கையால பறிச்சது. நல்லாப் பாருக்கா” என்றான். நான் பார்க்கவில்லை. இத்தனை பேர் கை தட்டிய பிறகு மறுபடி பார்ப்பதா என்று இருந்தது. யாரோ வியாபாரியிடம் வெளிக் காய் வாங்கிக் கலந்திருக்கிறான் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள், அவனுடைய ஆறு மூட்டையையும் ஏலத்தில் வைக்கக் கூடாது என்று தள்ளி வைத்துவிட்டார்கள். ராத்திரிக்குள் படம் எல்லாருடைய செல்லுக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் கடைக்குப் போனால் மாயக்காள் வரிசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நாலு நாள் இப்படிப் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரம். மாயக்காள் எழுந்து வந்தாள், மடியிலிருந்து ஒரு கைப்பிடி காயை எடுத்து என் டப்பா மூடியில் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். வெளுத்த காய். நான் ஒன்றை எடுத்து, கடைக்கு வெளியே போய், இருபத்தாறு வருசத்தில் முதல் தடவையாக நகத்தால் கீறினேன். விதை கன்னங்கரேல் என்று பிசுபிசுப்பாக இருந்தது. வாயில் போட்டேன். முதலில் தித்திப்பு, பிறகு மெதுவாகக் காரம், மூக்கு வரை மணம். நம் மலைக் காய் பவித்ரா, சத்தியமாக நம் மலைக் காய். வீட்டுக்கு ஓடி வந்து அரிசிப் பானையைக் கிளறி நீ அனுப்பியதையும் கடித்தேன். அதுவும் நல்ல காய்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது வாயில் விழுந்ததும் விக்ஸ் மாதிரி ஜில்லென்று மூக்கில் ஏறுகிறது, தித்திப்பு பின்னால்தான் வருகிறது. தோல் இரண்டுக்கும் ஒன்று, உள்ளே வேறு வேறு. என் வாய்க்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், “வா, சிலமலைக்குப் போவோம்” என்று ஜீப்பை எடுத்தார்.

சின்ராசு கோபப்படவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. நிறம் ஏன் போனது என்று கேட்டேன். நாம் காயை உலர்த்துவதற்கு முன்னால் பச்சை நிற்பதற்காகச் சலவைச் சோடா கரைத்த தண்ணியில் முக்கி எடுப்போம் அல்லவா, அதை இந்த வருசம் அவன் விட்டுவிட்டானாம். போன வருசம் மலையில் அதிகாரிகள் கூட்டம் போட்டு, மருந்து, சாயம், சோடா எதுவும் படாத காய்தான் இனி வெளிநாட்டில் எடுபடும் என்று சொன்னார்களாம். எல்லோரும் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள், அந்தப் பேச்சைக் காதில் வாங்கியவன் இவன் ஒருத்தன்தான். “வெளிநாட்டுக்காரன் கேக்குற மாதிரி செஞ்சேன், வெளிநாட்டுக் காயின்னு தள்ளிட்டீங்களேக்கா” என்றான். மாயக்காள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம், தீர்மானத்தை மேலே அனுப்பக் கையெழுத்து வாங்குவதற்கு. நான் மைக்கைக் கேட்டேன். சோலைமலை, “நீங்க உக்காருங்கக்கா, ஒங்களுக்கு மாலை போடப் போறோம்” என்றார். மாலை ஒன்றுதான் குறைச்சல் எனக்கு. மைக்கை வாங்கி, நான் சொன்னது தப்பு, சின்ராசு காய் நம் காய், நான் தோலைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், உரித்துப் பார்க்கவில்லை என்றேன். அப்படியானால் போன வாரம் எதை வைத்து வெளிக் காய் என்று சொன்னீர்கள், நீங்கள் வெளிக் காயை எங்கே பார்த்தீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கேயே நின்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த உன் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். “எம் மக அனுப்புனது. அவ அமெரிக்காவுல இல்ல, குவாத்தமாலாவுல இருக்கா. அங்க காயிக்குத் தரம் பாக்குறா. இத்தன நாளும் ஒங்ககிட்ட மறச்சேன்” என்று சொன்னேன். பின்னாலிருந்து, “வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டுத்தான் நமக்குப் பாடம் எடுத்திருக்கு” என்று ஒரு குரல் வந்தது. வரட்டும், பட வேண்டியதுதான்.

நான் இறங்கவில்லை. மாயக்காள் போட்ட காயையும் உன் காயையும் எல்லோர் முன்னாலும் உரித்துத் தட்டில் வைத்து, வந்து கடித்துப் பாருங்கள் என்றேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு சோலைமலையே எழுந்து வந்து சின்ராசு காயைக் கடித்தார், உன்னுடையதையும் கடித்தார், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “இது நம்ம காயி, சந்தேகமே இல்ல” என்றார். உன் காயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்னொன்றை எடுத்துக் கடித்ததை நான் பார்த்தேன். அதற்குள் ஆளுக்கு ஒன்றாக வந்து கடித்து, பொட்டலம் காலி. நீ சொன்னாயே, அங்கே இருக்கிற செடியே நூறு வருசத்துக்கு முன்னால் நம் பக்கத்து மலைகளிலிருந்து போனதுதான் என்று, அதையும் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. நம்பிய பாதிப் பேர், “அப்பயே வரி போட்டிருக்கணும்” என்றார்கள். சிரிப்பதா அழுவதா? கையெழுத்து வாங்கியது வாங்கியதுதான், தீர்மானம் போய்விட்டது. நான் மட்டும் போடவில்லை. ஆறு மூட்டையை ஏலத்தில் வைக்க விட்டார்கள், புதன்கிழமை போனது. நிறம் இல்லாததால் முதல் விலை கிடைக்கவில்லை, ஆனால் கேவலப்படாமல் போனது.

இனிமேல் என்னைக் காய் பார்க்க யாரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். கடையிலும் இரண்டு மூன்று பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கு நடுவில் முதலாளி ஒரு மெஷின் வாங்கப் போகிறார், காயைக் கொட்டினால் கேமரா வைத்து நிறம் நிறமாகப் பிரித்துவிடுமாம், எங்களில் பாதிப் பேருக்கு அப்புறம் சோலி இருக்காது. அது எந்த ஊரில் செய்தது என்று கேட்டேன், வெளிநாடு என்றார்கள். வெளிக் காய்க்குக் கூட்டம் போட்டவர்கள் வெளி மெஷினுக்கு ஏன் கூட்டம் போடவில்லை? அந்த மெஷினுக்கும் தோல்தான் தெரியுமாம். உன் பக்கம் அது வந்துவிட்டதா? வந்த பிறகு அங்கே இருக்கிற பெண்கள் எல்லாம் எங்கே போனார்கள்? நீ சொல்வாயே, உன் கடையில் காய் பொறுக்கும் பெட்ரோனா என்று, அவள் கீழே உட்கார்ந்து பொறுக்குவாளா, மேசை நாற்காலியா? சுளகு வைத்திருப்பாளா? தூசியில் எங்களைப் போல ஓயாமல் தும்முவாளா? அவர்கள் வீட்டில் ஏலக்காயே போடமாட்டார்கள், விற்பதற்கு மட்டும்தான் என்றாயே, அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அப்படியானால் பாயசத்துக்கு என்னதான் போடுவாள்? இங்கே வரி ஏறினால் அவள் சம்பளம் குறையுமா, அவளுடைய காய் விலை இறங்கினால் மாயக்காள் காய் விலையும் இறங்குமா? அப்படியானால் நாங்கள் இரண்டு பேரும் யாரென்றே தெரியாமல் ஒரே கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்திருக்கிறோமா? டி.வி.யில் கத்துகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, நீ விசாரித்து எழுது.

இப்போது அந்த வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் போனில் நீ சொன்னாய், இப்படி ஒவ்வொரு நாடும் வாசலை அடைத்துக்கொண்டே போனால் எங்கள் கம்பெனி இங்கே ஆபீசை மூடிவிடும், நான் ஊருக்கே வந்துவிட வேண்டியதுதான் என்று. நீ வருத்தமாகச் சொன்னாய். நான் அன்றைக்கு ராத்திரி சந்தோசமாகத் தூங்கினேன். தடை வரட்டும், வரி வரட்டும், என் பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்றுதான் அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கினேன். விவசாயிக்காகவும் இல்லை, நாட்டுக்காகவும் இல்லை. மூன்றாவது தட்டைப் பார்த்தபோதும் அது வெளிக் காயாக இருக்க வேண்டும் என்று என் மனசு முன்கூட்டியே ஆசைப்பட்டுவிட்டது, அதனால்தான் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. உன்மேல் வைத்த ஆசை மாயக்காள் வீட்டு அடுப்பில் தண்ணியை ஊற்றப் பார்த்தது ஆத்தா. இன்னமும் நீ வந்தால் எனக்குச் சந்தோசம்தான், நான் மாறிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ கதவைச் சாத்தி உன்னைத் துரத்தி, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. மதுரையில் இறங்கினால் அப்பா ஜீப்போடு நிற்பார்.

மழைக்கு ரப்பர் செருப்புப் போட்டு வழுக்கி விழாதே. பல்லியைப் பார்த்து இன்னமும் கத்துகிறாயா? அடுத்த தடவை காய் அனுப்பினால் இரண்டு பொட்டலமாக அனுப்பு, சோலைமலை வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் அப்பாவிடம் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். நீ நினைத்தது நடக்கட்டும், நீ இருக்கிற இடத்தில் உன்னோடு நாலு பேர் நல்லா இருக்கட்டும், பரமசிவன் துணை இருப்பான். இந்தக் கடிதத்தை நாளைக்குப் போடி தபாலாபீசிலேயே போடப் போகிறேன். கவரில் நாட்டின் பெயரை சிவக்குமார் இங்கிலீசில் எழுதினான், அதற்குக் கீழே நான் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், தெருக்காரி நன்றாகப் படிக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாயக்காள் இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை, இரண்டு ஆள் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெட்ரோனாவைப் பற்றிக் கடையில் நான் மற்றவர்களிடம் பேசியதை அங்கிருந்தே கேட்டிருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் சுளகை எடுத்து வைக்கும்போது, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அந்தப் பொம்பளைக்கும் நம்மள மாதிரி இடுப்பு வலிக்குமான்னு ஒம் மககிட்டக் கேளு.” பதினான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் எழுது, இதற்கு மட்டும் பெட்ரோனாவிடம் கேட்டு வெரசா எழுது. மாயக்காள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. அமுதவள்ளி